ஐபி = பிஸ்பேஸ்: உண்மை சொல்லும் நிரூபிப்பவரையே என் புரோகிராம் நிராகரிக்கிறது, உதவி தேவை

குடியாத்தம் மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் எம்.எஸ்சி. கணினி அறிவியல் படிக்கிறேன். செமினாருக்கு ஷமீரின் தேற்றத்தை எடுத்திருக்கிறேன்: எதையும் கணக்கிட வல்ல, ஆனால் பொய்யும் சொல்லக்கூடிய நிரூபிப்பவரிடம், ரேண்டம் எண்கள் எடுக்கும் சரிபார்ப்பவர் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய கணக்குகளும் (ஐபி), பல்லுறுப்பு அளவு நினைவகத்தில் தீர்க்கக்கூடிய கணக்குகளும் (பிஸ்பேஸ்) ஒன்றே. போர்டில் எழுதுவதோடு நிறுத்தாமல், நிரூபிப்பவரும் சரிபார்ப்பவரும் பேசிக்கொள்வதை பைத்தானில் ஓட்டியும் காட்ட ஆசை.

சோதனைக்கு எடுத்த வாக்கியம் இது (மாறிகள் அ, இ, மதிப்பு 0 அல்லது 1; ∀ என்றால் எல்லா மதிப்புக்கும், ∃ என்றால் ஏதாவது ஒரு மதிப்புக்கு; ∨ அல்லது, ∧ மற்றும், ¬ எதிர்மறை):
∀அ ∃இ (அ ∨ இ) ∧ (¬அ ∨ ¬இ)

இ-க்கு அ-வின் எதிர்மறையை வைத்தால் போதும், வாக்கியம் உண்மை. பல்லுறுப்புக்கோவையாக்கினால் (அ + இ − அ×இ)(1 − அ×இ). ∃இ போட்டதும் 1 − அ + அ² வருகிறது. 0, 1 இரண்டிலும் மதிப்பு 1, பெருக்கினாலும் 1. இதுவரை கையால் போட்டதும் புரோகிராமும் ஒத்துப்போகின்றன. நடுவில் லீனியரைசேஷன் கட்டத்தைச் சேர்த்த பிறகுதான் சிக்கல். நிரூபிப்பவர் உண்மையே சொன்னாலும் அடுத்த கட்டத்தில் 'நிராகரி' என்று வருகிறது. கணக்கெல்லாம் ஒரு பகா எண்ணால் வகுத்த மீதியில்தான், அந்தப் பகா எண் 101. எங்கே பார்க்க வேண்டும்?

ஆம்பூர் வாசகர்:
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். அந்த லீனியரைசேஷன் எதற்கு? சாதாரண சம்செக் (பெரிய கூட்டுத்தொகையை ஒவ்வொரு மாறியாகச் சரிபார்க்கும் முறை) போதாதா?

ராணிப்பேட்டை அண்ணன்:
முதலில் ஆம்பூர் நண்பருக்கு. கூட்டலோடு நின்றால் சம்செக் போதும். ஆனால் ∀ வந்தால் 0 வைத்த பிரதியையும் 1 வைத்த பிரதியையும் பெருக்குகிறோம். ∃-க்கும் 1 − (1 − முதலாவது)(1 − இரண்டாவது) என்று பெருக்கல்தான். ஒவ்வொரு அளவையிலும் (∀ அல்லது ∃ குறியிலும்) மீதி மாறிகளின் படி, அதாவது அடுக்கு, இரட்டிக்கலாம். 30 முறை இரட்டித்தால் 107 கோடியைத் தாண்டும். அவ்வளவு கெழுக்களைச் சரிபார்ப்பவரால் வாசிக்கக்கூட முடியாது. அவருக்கு இருப்பது பல்லுறுப்பு நேரம் மட்டும், அதாவது வாக்கியத்தின் நீளத்தோடு ஒரு பல்லுறுப்புக்கோவை அளவுக்கே வளரும் நேரம்.

தப்பிக்கும் வழி அழகானது. நமக்கு 0, 1 மதிப்புகள்தான் முக்கியம், அங்கே அ² = அ. அதனால் படி ஏறும் ஒவ்வொரு இடத்திலும் கோவை க-வை (1 − அ)×க(0) + அ×க(1) என்று மாற்றிவிடலாம். தங்கச்சி எழுதிய 1 − அ + அ² இப்படி வெறும் 1 ஆகிவிடும். ஷமீரின் மூலக் கட்டுரை படியை வேறு விதமாகக் கட்டுப்படுத்தியது. இந்த எளிய வழி ஷென் கொடுத்தது. 1992-ல் ஜர்னல் ஆஃப் தி ஏசிஎம் இதழில் இரண்டும் அடுத்தடுத்து வந்தன. அவற்றுக்கு முன்பக்கங்களில், சம்செக்கைக் கொண்டுவந்த லண்ட், ஃபோர்ட்னோ, கார்லாஃப், நிசான் கட்டுரை. செமினாரில் இந்த நால்வரையும் விட்டுவிடாதே. ஷமீருக்குக் கதவைத் திறந்தது அவர்கள்தான்.

சரி, உன் கோளாறு. லீனியரைசேஷன் முடிந்ததும் அ-வுக்குப் புதிய ரேண்டம் எண் எடுக்கிறாய். அதை எங்கே சேமிக்கிறாய்? அந்தப் பகுதியைப் போடு.

குடியாத்தம் மாணவி:
அண்ணா, அ-வுக்கு ஏற்கெனவே 5 என்று எடுத்தாகிவிட்டது. லீனியரைசேஷனில் 7 வந்தது, கோவையில் 7 போட்டு 43 என்று புதிய கூற்றும் கிடைத்தது. மாறிகளின் பட்டியலில் அ = 5 அப்படியே இருக்கிறது.

ராணிப்பேட்டை அண்ணன்:
அங்கேதான் விஷயம். 7 வந்த நொடியே 5 செத்துவிட வேண்டும். கையால் போட்டுப் பார். அ = 5 என்றால் இ = 0-வில் 5, இ = 1-ல் −4. 1 − (−4)(5) = 21. கையில் இருக்கும் கூற்றோ 43, நிராகரிக்காமல் என்ன செய்யும்? அ = 7 வைத்தால் 7, −6. 1 − (−6)(7) = 43. பொருந்திவிட்டது.

ஆம்பூர் வாசகர்:
5-ஐயே வைத்துக்கொண்டு கூற்றையும் 21 ஆக்கினால் என்ன? அதுவும் பொருந்துமே.

ராணிப்பேட்டை அண்ணன்:
உண்மை சொல்பவருக்குப் பொருந்தும். பொய் சொல்பவரும் அதே வழியில் நுழைந்துவிடுவார். 5 அவருக்கு முன்கூட்டியே தெரியும். 5-ல் சரியான 21 தருகிற, ஆனால் பொய்க் கூற்றோடும் ஒத்துப்போகிற ஓர் இருபடிக் கோவையைக் கட்டிவிடலாம். மூன்று கெழு, இரண்டு நிபந்தனை, தாராளமாக இடம் இருக்கிறது. அவர் கோவையை ஒப்படைத்த பிறகே புதிய எண் வர வேண்டும். தேற்றத்தின் உயிரே இந்த வரிசைதான், ஸ்லைடில் பெரிதாகப் போடு. ரேண்டம் எண்ணையே எடுத்துவிட்டால் இந்த உரையாடல் முழுதும் என்பி-க்குள் (சிறிய சான்றை ஒருமுறை வாசித்தே சரிபார்க்கக்கூடிய கணக்குகளுக்குள்) அடங்கிவிடும்.

அப்புறம் 101 ரொம்பச் சின்னது. மாறிகள் ந, அடைப்புக்கூறுகள் (∧ இணைக்கும் அடைப்புகள்) ம என்றால் ஏமாறும் வாய்ப்பு அதிகபட்சம் (ந² + ந×ம) ÷ பகா எண். 10 மாறி, 20 கூறு என்றால் மேலே 300 வரும். கீழே 101 வைத்தால் எந்த உத்தரவாதமும் இல்லை. 2147483647 வை. அது பகா எண்தான். வாய்ப்பு 70 லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். மொத்தம் 65 சுற்று, லேப்டாப்புக்கு ஒன்றுமே இல்லை.

குடியாத்தம் மாணவி:
ஓடுகிறது அண்ணா! பட்டியலில் 7-ஐ மாற்றியதும் கடைசிச் சுற்றுவரை ஏற்றுக்கொண்டது. ∃-ஐ ∀ ஆக்கி, வாக்கியத்தைப் பொய்யாக்கி, பொய் சொல்லும் நிரூபிப்பவரையும் எழுதினேன். பெரிய பகா எண்ணில் மாட்டிக்கொள்கிறார். எதிர்த்திசையைச் சார் கேட்டால் என்ன சொல்வது? ஐபி-யில் உள்ளதெல்லாம் ஏன் பிஸ்பேஸில் அடங்கும்?

வாலாஜா பேராசிரியர்:
அது சுலபம் அம்மா. நடக்கக்கூடிய உரையாடல்களை எல்லாம் ஒரு மரமாக வரைந்துகொள். சரிபார்ப்பவர் பேசும் இடத்தில் சராசரி, நிரூபிப்பவர் பேசும் இடத்தில் அதிகபட்சம். மரம் பிரம்மாண்டம்தான், ஆனால் ஆழம் பல்லுறுப்பு அளவுதான். ஆழ வழியில் போனால் ஒரு சமயத்தில் ஒரு பாதையை மட்டும் நினைவில் வைத்தால் போதும். நேரம் எவ்வளவு ஆனாலும் இடம் சிறியதாகவே இருக்கும். போர்டில் மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தை உன் புரோகிராமுக்குக் கொடு. பொய் சொல்பவரை முதலில் 101-ல் ஓட்டு, பிறகு பெரிய எண்ணில் ஓட்டு.