வெளுத்துப்போன கற்சிலேட்டை மறுபடியும் கறுப்பாக்குவது எப்படி?

பாளையங்கோட்டைக்காரன்:
வீட்டுப் பரணை ஒதுங்கவைத்தபோது, நான் ஒன்றாம் வகுப்பில் எழுதிய சிலேட்டு மரச்சட்டம்கூடக் கழலாமல் கிடைத்தது. வரும் விஜயதசமிக்கு என் பேத்தியின் கையைப் பிடித்து அதிலேயே ‘அ’ எழுதவைக்க ஆசைப்படுகிறேன். ஆனால், அது சாம்பல் பூத்துக் கிடப்பதால் எழுத்துத் தெளிவாகத் தெரியவில்லை. சின்ன வயதில் ஏதோ ஓர் இலையைக் கரியோடு சேர்த்துத் தேய்ப்போமே, அந்தப் பக்குவம் நினைவிருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

சேரன்மகாதேவி வாசகி:
அண்ணாச்சி, அது கோவை இலை. வேலிகளில் படர்ந்து, செக்கச்செவேலென்று பழுத்துத் தொங்குமே, அந்தக் கொடிதான். சிலேட்டை முதலில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். ஒரு கைப்பிடி இலையோடு அடுப்புக்கரியைப் பொடித்துச் சேர்த்து, உள்ளங்கையால் அழுத்தி வட்டமாகத் தேய்த்தால், பச்சைச் சாறு கரியைப் பிடித்துக்கொண்டு கல்லின் சொரசொரப்புக்குள் இறங்கிவிடும். நிழலில் உலர்த்தி, காய்ந்த துணியால் துடைத்தால் போதும். எண்ணெய் மட்டும் தடவிவிடாதீர்கள். பார்வைக்குக் கறுப்பாக மின்னும், குச்சியோ எழுதாமல் வழுக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் கன்னடியன் கால்வாய்க் கரையில் நாங்கள் கூட்டமாக இலை பறிப்போம். மறுநாள் வகுப்பில் யாருடைய சிலேட்டு அதிகக் கறுப்பு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அப்படியொரு பெருமை எங்களுக்கு!

திசையன்விளை வாசகர்:
தேய்ப்பதற்கு முன், அது கல்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் வந்த தகரச் சிலேட்டில் இருப்பது மேல்பூச்சு என்பதால், அழுத்தித் தேய்த்தால் உரிந்துவிடும். விரலால் தட்டினாலே ஓசையில் வேறுபாடு தெரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாமெல்லாம் சிலேட்டுக் குச்சியைக் கடித்துத் தின்றவர்கள். பேத்தியை அப்படி விடாதீர்கள். குச்சித் தொழிலுக்குப் பெயர்பெற்ற மத்தியப் பிரதேசத்து மந்த்சோரில், கல்லை அறுக்கும்போது பறந்த தூசியைச் சுவாசித்தே தொழிலாளர்கள் பலர் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயால் மாண்டுபோனார்கள். அதைப் படித்த நாள் முதல், குச்சியின் நினைவு வரும்போதெல்லாம் அவர்கள் நினைவும் சேர்ந்தே வருகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அம்பாசமுத்திரம்:
வாசகி சொன்ன பக்குவம் சிலேட்டுக்கு முன்பே நம்மிடம் இருந்தது. பனையோலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்துக்குத் தனி நிறம் கிடையாது என்பதால், கோவையிலைச் சாறு, ஊமத்தையிலைச் சாறு, மஞ்சள், கரி முதலியவற்றைக் கூட்டி ஏட்டில் தடவுவார்கள். கீறலுக்குள் மை தங்கி எழுத்துத் துலங்கும். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் ஏட்டுக்குச் செய்ததையே நாம் சிலேட்டுக்குச் செய்திருக்கிறோம். ஊமத்தை நஞ்சு என்பதால், குழந்தை தொடும் சிலேட்டில் அதைச் சேர்க்க வேண்டாம். கோவை இலையும் கரியுமே போதும்.