பள்ளிச் சுவரில் யார் படம்? மேற்கோள் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யலாமா?

முன்னாள் மாணவன்:
சுங்கை சிப்புட் பக்கம் நம் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் மூலையில் மூளை ஆய்வாளர் ஒருவரின் படம் வரையப் போகிறோம். குழுவில் பாதிப் பேர் வி. எஸ். இராமச்சந்திரன் என்கிறார்கள். தமிழர், சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்தவர், சரி. ஆனால் புத்தகமும் மேடைப்பேச்சும் தரும் புகழ் வேறு, சக ஆய்வாளர்கள் எடுத்தாளும் ஆய்வு வேறு. கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுக்கட்டுரைத் தேடுதளத்தில் மேற்கோளும் (கட்டுரைகளை மற்றவர்கள் எடுத்தாண்ட தடவை) எச்-இன்டெக்ஸும் யாருக்கு அதிகமோ அவர் படத்தைப் போடுவோம்.

செம்பனைக்காடு:
தம்பி, எச்-இன்டெக்ஸ் 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. ஒருவரின் 20 கட்டுரைகள் தலா 20 தடவையாவது எடுத்தாளப்பட்டிருந்தால் அவர் எண் 20. வயது ஏற ஏற அதுவும் ஏறும். நூறு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் நூறாவது ஆளுக்கும் முழுக் கணக்கு. 2006-இல் 'நேச்சர்' இதழில் அல்சைமர் என்ற மறதி நோய் பற்றி ஓர் எலி ஆய்வு வந்தது. படங்களில் கைவைத்திருந்தது தெரிந்து 2024-இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் 2,000 தடவைக்கு மேல் மேற்கோள் காட்டிவிட்டார்கள். இந்த எண்ணை நம்பியா சுவரில் படம் வரைவது?

முன்னாள் மாணவன்:
அண்ணே, எண்ணில் ஓட்டை உண்டு. ஆனால் எண்ணே வேண்டாம் என்றால் என்ன நடக்கும்? தலைவருக்குப் பிடித்தவர் சுவரில் ஏறுவார். கோயில் கமிட்டி முதல் உபகாரச் சம்பளம் வரை அதைத்தானே பார்த்து வளர்ந்தோம். அப்புறம், இராமச்சந்திரன் 2000-இல் என்ன எழுதினார்? நாம் ஒன்றைச் செய்யும்போதும், அதையே பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் மூளை அணுக்கள் உண்டு; கண்ணாடி நரம்பணுக்கள் என்பார்கள். உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை அவை உளவியலுக்குச் செய்யும் என்றார். அப்படி எதுவும் நடக்கவில்லை.

செம்பனைக்காடு:
அதை மறுத்து எழுதியவர்களும் அவரை மேற்கோள் காட்டித்தான் எழுதினார்கள். உங்கள் கணக்கில் திட்டும் பாராட்டும் ஒன்றுதான். கட்டுரையைப் படிக்காமல் தரம் தெரியாது.

பிசியோ அக்கா:
நான் அரசாங்க மருத்துவமனையில் பிசியோ. சர்க்கரை நோயால் கால் எடுத்தவர்கள் நிறைய வருவார்கள், பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள். பால்மரம் வெட்டிய ஒரு பெரியவர், இல்லாத இடது காலின் பெருவிரல் மடங்கியே கிடக்கிறது, நிமிர்த்த முடியவில்லை என்று அழுவார். இரண்டு காலுக்கும் நடுவே நீளக் கண்ணாடி ஒன்றை நிறுத்தி, வலது பாதத்தை மெதுவாக விரித்து மடக்கச் சொன்னேன். கண்ணாடிக்குள் இடது கால் அசைவதைப் பார்த்ததும், "விரல் விட்டுடுச்சும்மா" என்றார். இராமச்சந்திரனும் அவர் குழுவும் 1990-களின் நடுவில் கண்டுபிடித்த வழி இது. எல்லாருக்கும் கேட்காது. கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முன்னாள் மாணவன்:
அக்கா, அந்தக் கண்ணாடி உங்கள் கைக்கு எப்படி வந்தது? 2007-இல் அமெரிக்க இராணுவ மருத்துவமனையில் கால் இழந்த 22 பேரை வைத்துச் சோதித்தார்கள். பக்கவாதத்துக்கும் பலர் சோதித்தார்கள். ஒருவரை ஒருவர் எடுத்தாண்டதால்தான் இங்கே வரை வந்தது. அந்த வரிசைதான் மேற்கோள். அதைத் தூக்கி எறியச் சொல்கிறீர்களா?

பிசியோ அக்கா:
எறியச் சொல்லவில்லை தம்பி. யார் யாரை எடுத்தாண்டார்கள், எதற்காக என்று பாருங்கள். மொத்தத்தை மட்டும் பார்த்தால் அந்தப் பெரியவரின் கால் அதில் தெரியாது.

செம்பனைக்காடு:
இன்னொரு பெயரும் சொல்கிறேன். 1998-இல் நம் பேராவில், ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் கிளம்பியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எல்லாரும் நம்பினார்கள். 1999-இல் அது புது வைரஸ் என்று காட்டியவர் சுவா காவ் பிங். நிப்பா என்று இன்று உலகம் சொல்வது அதைத்தான். அப்போது அவர் மலாயா பல்கலைக்கழகத்தில் பயிற்சியில் இருந்தவர். அன்றைக்கு உங்கள் பட்டியலைப் போட்டிருந்தால் அவர் எத்தனையாவது பக்கத்தில் வந்திருப்பார்?

முன்னாள் மாணவன்:
பட்டியலோடு கூட்டத்துக்கு வருகிறேன் அண்ணே. சுவா பெயரையும் சேர்க்கிறேன். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எண் இருக்கும், அதில் மாற்றமில்லை.

செம்பனைக்காடு:
நானும் ஒவ்வொருவரின் ஒரு கட்டுரையையாவது அச்செடுத்துக்கொண்டு வருகிறேன். கை தூக்கும் முன் எல்லாரும் படிக்கட்டும்.