புதுமைப்பெண் பணம் திடீரென நின்றுவிட்டது, ஆதார் இணைப்பு சரியாக இருக்கிறது, வேறு எங்கே கோளாறு?

அறந்தாங்கிக்காரன்:
வணக்கம். தங்கை பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் ஆண்டு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிதான், அதனால் தமிழக அரசின் புதுமைப்பெண் உதவித்தொகை மாதம் 1000 ரூபாய் முதல் வருடம் ஒழுங்காக வந்தது. ஜூலையிலிருந்து ஒரு பைசா இல்லை. கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு வருகிறது. கல்லூரியில் கேட்டால் "அனுப்பியாச்சு, பேங்க்ல கேளு" என்கிறார்கள், பேங்கில் கேட்டால் "ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கு, காலேஜ்ல கேளு" என்கிறார்கள். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் லீவு போட்டு ஊருக்கு ஓட முடியவில்லை. பாஸ்புக்கை மூன்று தடவை பதிந்து பார்த்தாயிற்று. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஈரோட்டு அக்கா:
தம்பி, யூமிஸ் எண்ணில், அதாவது கல்லூரி மாணவர் விவரங்களை அரசு வைத்திருக்கும் இணையப் பதிவில், இரண்டாம் ஆண்டு என்று ஏற்றினார்களா பாருங்கள். என் மகளுக்கு அதில்தான் சிக்கியது, வருடம் மாறியதைக் கல்லூரியில் பதியவே இல்லை.

அறந்தாங்கிக்காரன்:
பார்த்தேன் அக்கா, இரண்டாம் ஆண்டு என்றுதான் இருக்கிறது.

முன்னாள் நோடல்:
ஒரு கல்லூரியில் உதவித்தொகைக்கான நோடல் அலுவலர் (பொறுப்பு அலுவலர்) வேலையை நான்கு வருடம் பார்த்தவன் சொல்கிறேன். பேங்கில் "லிங்க்" என்று சொல்வது பெரும்பாலும் கேஒய்சிக்காக, அதாவது வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்புக்காக, ஆதார் எண்ணைக் கொடுத்து வைத்திருப்பதைத்தான். அரசுப் பணம் வருவது அதை வைத்து அல்ல. பேங்குகளுக்கு இடையே பணம் போய்வரும் வேலையைப் பார்க்கும் என்பிசிஐ நிறுவனம் வைத்திருக்கும் பட்டியலில் உங்கள் ஆதாருக்கு நேராக எந்த பேங்க் இருக்கிறதோ அங்கேதான் போகும், அதற்குப் பெயர் சீடிங். பத்து கணக்குக்கு ஆதார் கொடுத்திருந்தாலும் சீடிங் ஒன்றில்தான் இருக்கும், கடைசியாக எதற்குச் சம்மதம் கொடுத்தீர்களோ அதுதான். சரி, முதல் வருடம் வந்து ஜூலையில் நின்றது என்கிறீர்களே, அந்தச் சமயத்தில் தங்கை புதிதாகக் கணக்கு ஏதாவது திறந்தாரா? மை ஆதார் தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போய் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள், பேங்க் பெயரே வரும்.

அறந்தாங்கிக்காரன்:
கணக்கெல்லாம் எதுவும் திறக்கவில்லை என்கிறாள். ராத்திரி பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மேலூர் பையன்:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். தமிழ்ப் புதல்வன் (பையன்களுக்கான இதே மாதிரி 1000 ரூபாய்) வாங்கிக்கொண்டே வேறு உதவித்தொகைக்குப் போடலாமா?

முன்னாள் நோடல்:
இந்த 1000 ரூபாய் வேறு உதவித்தொகைக்குத் தடை இல்லை, புதுமைப்பெண்ணுக்கும் அப்படித்தான். ஆனால் நீங்கள் போடப்போகும் திட்டத்தின் விதியையும் படியுங்கள் தம்பி, சிலவற்றில் வேறு எதுவும் வாங்கக்கூடாது என்றிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண், குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் என்றால் நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் மத்தியத் துறைத் திட்டம் ஒன்று உண்டு, இளநிலைக்கு வருடம் 12,000 ரூபாய். அதிலும் அந்த விதியைப் பார்த்துக்கொண்டு, முதல் ஆண்டிலேயே போட்டுவிட வேண்டும். எத்தனை பிள்ளைகள் இரண்டாம் ஆண்டில் வந்து கேட்டு முழித்திருக்கிறார்கள் தெரியுமா.

ஈரோட்டு அக்கா:
பாலிடெக்னிக், இன்ஜினியரிங் படிக்கும் பெண் பிள்ளைகள் இருந்தால் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ தரும் பிரகதி உதவித்தொகையும் பாருங்கள், வருடம் 50,000. வருமானம் எட்டு லட்சத்துக்குள், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. பி.எஸ்சி.க்குக் கிடையாது. வருமானச் சான்றைக் கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள், அந்த வாரத்தில்தான் இ-சேவை சர்வர் படுத்துக்கொள்ளும்.

அறந்தாங்கிக்காரன்:
பார்த்துவிட்டேன். நாங்கள் கேள்வியே படாத ஒரு பேமென்ட்ஸ் பேங்க் பெயர் வருகிறது, ஆக்டிவ் என்று பச்சையில்! அப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது, ஜூன் கடைசியில் பேருந்து நிலையத்தில் சிம் வாங்கியபோது கைரேகையை இரண்டு தடவை வைக்கச் சொன்னார்களாம். இரண்டாவது எதற்கென்று கேட்டதற்கு "இது ஃப்ரீம்மா" என்றார்களாம்.

முன்னாள் நோடல்:
நினைத்தேன். அந்த இரண்டாவது கைரேகையில்தான் புதுக் கணக்கு திறந்து சீடிங்கையும் அங்கே மாற்றியிருப்பார்கள். பயப்படாதீர்கள், கணக்கு உயிரோடு இருந்தால் பணம் அதில்தான் சேர்ந்திருக்கும். முதலில் அதை எடுங்கள். பிறகு பழைய பேங்கில் சீடிங் சம்மதப் படிவம் கேளுங்கள், "ஆதார் லிங்க் பண்ணணும்" என்று சொன்னால் மறுபடியும் கேஒய்சி செய்து அனுப்பிவிடுவார்கள். "டிபிடி சீடிங், வேறு பேங்கிலிருந்து மாற்றுகிறோம்" என்றே சொல்லுங்கள் (டிபிடி என்றால் அரசுப் பணம் நேராகக் கணக்குக்கு வருவது). ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

அறந்தாங்கிக்காரன்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். தபால்காரரிடம் கைரேகை மிஷின் இருக்கிறது, வீட்டு வாசலிலேயே இருப்பு பார்த்தோம், ஏழு மாதத்துக்கு 7,000 அப்படியே இருந்தது. அங்கேயே எடுத்தும் கொடுத்துவிட்டார். பேங்கில் முதல் நாள் படிவமே இல்லை என்றார்கள், மறுநாள் மேனேஜரைப் பார்த்ததும் கிடைத்தது. நேற்று இரவு பார்த்தால் பழைய பேங்க் பெயர் வந்துவிட்டது. அப்பா இப்போது அவர் ஆதாரையும் பார்க்கச் சொல்கிறார், போன வருடத்திலிருந்து அவருக்கு வர வேண்டிய அரசுப் பணம் வரவில்லையாம், வீட்டில் யாரிடமும் சொல்லவே இல்லை.