நாலரை மணி நேரம் என்பது எப்போதிலிருந்து கணக்கு?

காவிரிக்கரை எழுதியது:
என் அப்பாவுக்கு வயது 68. போன மாதம் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்தவருக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கையால் தண்ணீர்ச் செம்பைப் பிடிக்க முடியவில்லை. ஆறரை மணிக்கெல்லாம் நானும் தம்பியும் அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். பக்கவாதம் என்றார்கள். சி.டி. ஸ்கேனில் மூளையில் ரத்தக்கசிவு இல்லை, ரத்தக்குழாய் அடைப்புதான் என்றார்கள். ஆனாலும் அடைக்கும் ரத்த உறைவைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். நாலரை மணி நேரம் வரை போடலாம் என்றுதானே படிக்கிறோம்? எங்கள் கணக்கு எங்கே பிசகியது?

இரவுப்பணி மருத்துவர் எழுதியது:
நீங்கள் அறிகுறியைக் கண்ட நேரம் கணக்கில் வராது. அவர் நன்றாக இருந்ததை ஒருவர் கடைசியாகப் பார்த்த நேரமே தொடக்கம். இரவு பத்து மணிக்குப் படுத்தவர் என்றால், நீங்கள் வாசலில் வந்து இறங்கியபோதே எட்டரை மணி நேரம் கடந்துவிட்டது. அதற்காகக் கதவு முற்றிலும் அடைபட்டுவிடுவதில்லை. எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகைப் படத்தில் பாதிப்புத் தெரிந்து, ஃப்ளேர் என்னும் மற்றொரு வகையில் இன்னும் தெரியாவிட்டால், அடைப்பு அண்மையில் நேர்ந்தது என்று கொண்டு ஊசி போடலாம் என்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரிய ரத்தக்குழாய் அடைபட்டிருந்தால், தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி உறைவை எடுக்க முடியும். ஆனால் அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. ஒன்று கேட்கிறேன்: இரவில் அவர் சிறுநீர் கழிக்க எழுந்தாரா? எழுந்ததை யாராவது பார்த்தார்களா?

அவசரப்பிரிவு செவிலியர் எழுதியது:
மருத்துவர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலரை மணி என்பது ஊசி உடம்பில் ஏறுவதற்கான எல்லை. வாசலுக்கு வந்து சேர்வதற்கானது அன்று. வந்த பிறகு சர்க்கரை பார்க்க வேண்டும், ரத்த அழுத்தம் 185/110க்கு மேல் இருந்தால் இறக்க வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும், எடைக்கு ஏற்ப மருந்தின் அளவைக் கணக்கிட வேண்டும். இவையனைத்தும் 60 நிமிடத்துக்குள் முடியவேண்டும் என்பது பொது இலக்கு. ஹெல்சிங்கியில் ஒரு மருத்துவமனை இதைச் சுமார் 20 நிமிடமாகவே குறைத்துக் காட்டியது. நேரம் நிறைய இருக்கிறதே என்று, சீக்கிரம் வந்தவரை மெதுவாகக் கவனிக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு, அது பெருந்தவறு. 2014இல் வெளியான தொகுப்பாய்வில், மூன்று மணி நேரத்துக்குள் ஊசி பெற்றவர்களில், பெறாதவர்களைவிட நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் கூடுதலாக ஏறக்குறைய முழு நலத்தோடு மீண்டார்கள். மூன்றிலிருந்து நாலரை மணிக்குள் அது ஐந்து பேராகக் குறைந்தது. வழியிலேயே தொலைபேசியில் சொல்லிவிட்டால் ஸ்கேன் மேசையைக் காலியாக வைத்திருப்போம். வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். கசிவா அடைப்பா என்பது ஸ்கேனுக்குப் பிறகுதான் தெரியும்.

காவிரிக்கரை எழுதியது:
அம்மாவிடம் இப்போதுதான் கேட்டேன், ஐயா. மூன்றரை மணிக்குத் தாமே எழுந்து கொல்லைப்பக்கம் போய்வந்தவர், செம்பை மூடிவைக்கும்படி தெளிவாகச் சொல்லிவிட்டுப் படுத்தாராம். அன்று அம்மா எங்களோடு வரவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை, மருத்துவமனையிலும் யாரும் கேட்கவில்லை.

இரவுப்பணி மருத்துவர் எழுதியது:
அப்படியானால் காலை எட்டு மணி வரை அவகாசம் இருந்திருக்கிறது. வேறு தடைகள் இருந்தனவா என்பதை ஏட்டைப் பார்க்காமல் சொல்ல இயலாது. இப்போது கை எந்த அளவுக்கு அசைகிறது? இயன்முறைப் பயிற்சி தொடங்கிவிட்டதா?