உன்னிச்சைக் குளம் உடைந்ததாம் என்று வரும் வொய்ஸ்: நம்புவதா, விடுவதா?

கல்லடி வாசி:
மட்டக்களப்பில் மாரி தொடங்கினால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வொய்ஸ் கட்டாயம் வந்து விழும். "உன்னிச்சைக் கட்டு உடைஞ்சிட்டுதாம், படுவான்கரை ஆக்கள் உடனே வெளிக்கிடுங்க" என்று மூச்சு வாங்கப் பேசும் ஒரு ஆண் குரல். ஆள் யார், எந்த வருடம், ஒன்றும் இருக்காது. கூடவே தண்ணீர் பாயும் ஒரு வீடியோ. அம்மாவும் அப்பாவும் அந்தப் படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்கே, ஆயித்தியமலையில் இருக்கிறார்கள். நம்பாமல் விட்டு அது உண்மையாகிவிட்டால்? நம்பி இரவில் கூட்டி வருவதென்றால் வவுணதீவில் ரோட்டுக்கு மேலால் வெள்ளம் ஓடும், அதுவும் ஆபத்து. நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

வட்டைக்காரன்:
தங்கச்சி, எனக்கு அந்தக் குளத்துக்குக் கீழேதான் வயல். முதலில் வீடியோவைப் பாருங்கள். கதவுக்குக் கீழால் ஒரே அகலத்தில் வெள்ளையாகச் சீறினால் அது மிதமிஞ்சிய தண்ணீரை வெளியே விடும் வான்கதவு திறந்தது. நல்ல மழை வருடங்களில் அது வழக்கம். திறக்காமல் விட்டால்தான் கட்டுக்கு ஆபத்து. கட்டு உடைந்தால் தண்ணீர் மண் நிறத்தில் வரும், வாய் இரண்டு பக்கமும் இடிந்து அகலித்துக்கொண்டே போகும். பக்கத்தில் நின்று ஆறுதலாகப் படம் பிடிக்க யாருக்குத் துணிவு வரும்?

அப்புறம், உடைந்தால் யாருக்கு முதலில் தெரியும் என்று யோசியுங்கள். வயல்களுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்க்கும் வட்டவிதானைக்கும், குளத்தில் நிற்கும் நீர்ப்பாசனத் திணைக்கள ஆளுக்கும். அந்த இரண்டு நம்பரையும் ஜிஎஸ்ஸின் (கிராம சேவகரின்) நம்பரையும் மழைக்கு முன்பே எடுத்து வையுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. ஊரில் உள்ள மாமாவிடம் கேட்டுப் பயனில்லை. அவரும் அதே வொய்ஸைக் கேட்டுவிட்டுத்தான் "ஓம், உடைஞ்சிட்டுதாம்" என்பார்.

இன்னொன்று. வெளிக்கிடுவது வேறு, அடுத்தவருக்கு அனுப்புவது வேறு. அப்பா அம்மா தாழ்வில் இருந்தால், பாதிச் சந்தேகத்தோடேயே பொழுது பட முன்னம் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லுங்கள். பொய்யானாலும் ஒரு இரவு நித்திரைதான் போகும். பாதிச் சந்தேகத்தோடு அனுப்ப மட்டும் கூடாது.

மருதமுனை மச்சான்:
வட்டைக்காரர் சொன்ன கடைசி விஷயம் சுனாமிக்கும் பொருந்தும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியது. எச்சரிக்கை வந்தது, கரையோரமெல்லாம் ஓடினோம், பெரிய அலை வரவில்லை. அதை வதந்தி என்று இன்றைக்கும் சிலர் சொல்வார்கள். இல்லை, அது முறையாக வந்த எச்சரிக்கை. அன்று நிலத்தட்டு பக்கவாட்டில் நகர்ந்ததால் கடல் பெரிதாக எழவில்லை. ஓடியது சரிதான்.

ஆனால் "இன்றிரவு 11 மணிக்கு நடுங்கும், நாசா அறிவித்தது" என்று வருவதைத் தயங்காமல் அழியுங்கள். நிலநடுக்கத்தை நாள், நேரம் சொல்லி முன்கூட்டியே அறிய எவராலும் முடியாது. சுமாத்திராவில் நடுங்கினால் அலை நம் கரைக்கு வர ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் எடுக்கும். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் தளத்தில் பெரிய நடுக்கம் சில நிமிடங்களில் ஏறிவிடும். இங்கே எச்சரிக்கை விடுவது வளிமண்டலவியல் திணைக்களம். இரண்டையும் பார்க்க நேரம் இருக்கிறது.

கறுப்புத் தண்ணீர் மதிலைத் தாண்டி விழும் வீடியோ வந்தால், அநேகமாக அது 2011இல் ஜப்பானின் மியாகோவில் எடுத்தது. ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால் பழைய பதிவுகள் வரும். ஒன்றும் வரவில்லை என்பதற்காக உண்மை என்று எண்ணிவிடாதீர்கள். ஏஐயில் இப்போது செய்வதற்குப் பழைய பதிவு எங்கே இருக்கப்போகிறது?

அக்கரைப்பற்று டீச்சர்:
லென்ஸ் எதற்கும் உதவாத இடமும் உண்டு. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரத்து முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில் சாப்பாட்டில் மாக்கட்டி கிடந்ததைக் கருத்தடை மாத்திரை என்றார்கள். அந்த வீடியோ போலி இல்லை. மாத்திரை போட்டாயா என்று கேட்க, கடையில் நின்றவர் அதில் உண்மையாகவே தலையாட்டுகிறார். கூட்டம் சூழ்ந்து நிற்கிறது, அவருக்குச் சிங்களம் சரியாக விளங்கவில்லை. அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மா என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் சொல்வதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. சாப்பாட்டில் போட்டால் மலடாக்கும் அப்படியொரு மாத்திரை உலகத்திலேயே இல்லை. ஒரு டொக்டரிடம் கேட்டிருந்தால் போதும். கோபம் வரவைக்கும் வீடியோ என்றால், படம் உண்மையா என்பதோடு, அதில் சொல்வது நடக்கக்கூடியதா என்றும் கேளுங்கள்.

கல்லடி வாசி:
எல்லோருக்கும் நன்றி. வட்டவிதானையின் நம்பரை அப்பாவிடம் வாங்கிவிட்டேன். வொய்ஸ் அனுப்பும் சித்தப்பாவைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. எதிர்த்துப் பேசினால் குழுவை விட்டே போய்விடுவார்.

வட்டைக்காரன்:
குழுவில் பேச்சுக் கொடுக்காதீர்கள். தனியாக எடுத்து "சித்தப்பா, உங்களுக்கு இது யார் அனுப்பினது?" என்று மட்டும் கேளுங்கள், போதும். குழுவில் நீங்கள் விசாரித்ததை எழுதுங்கள்: யாரிடம் கேட்டீர்கள், கட்டு எப்படி, எத்தனை கதவு திறந்திருக்கிறது என்று. தேதியும் நேரமும் கட்டாயம் போடுங்கள், வருடத்தோடு. இல்லாவிட்டால் "கட்டுக்கு ஒன்றுமில்லை" என்ற உங்கள் செய்தியையே அடுத்த மாரியில் யாராவது அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.