செல்ஃப் டிஸ்சார்ஜ்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கோவை, மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். வீட்டில் திரும்பத் திரும்ப ஏற்றிப் பயன்படுத்தும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலங்களுக்கு ஒரு கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இழுப்பறையில் சும்மா கிடக்கும் மின்கலம் தானாகவே ஏற்றத்தை (சார்ஜை) இழக்கிறதே, அந்த 'செல்ஃப் டிஸ்சார்ஜ்' என்பதற்குத் தமிழ்ச்சொல் இல்லாமல் நிற்கிறேன். பழைய வகை சில மாதங்களில் வெறுமையாகிவிடும். 2005இல் சான்யோ கொண்டுவந்த எனலூப் போன்றவை ஓராண்டு கழித்தும் பெரும்பகுதியை வைத்திருக்கும். சுவர்க்கடிகாரத்துக்கு எதை வாங்குவது என்பதே இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. 'தன்னிறக்கம்' சரியா?

தஞ்சாவூர்:
புணர்ச்சியில் பிழையில்லை, தம்பி. ஆனால் அச்சகத்தில் றகரம் ரகரமானால் 'தன்னிரக்கம்'. மின்கலம் தன்னை நினைத்து அழுவதாகிவிடும். 'மின்சோர்வு' என்று வையுங்கள். சோர்தல் களைப்பது மட்டுமன்று, ஒழுகுவதும்தான். கண்ணீர் சோர நின்றாள் என்கிறோமே.

யாழ்ப்பாணம்:
ஐயா, குறளில் 'சொற்காத்துச் சோர்விலாள் பெண்' என்னுமிடத்தில் எது ஒழுகுகிறது? போதாததற்கு, மின்கலம் ஒழுகுவது வேறு சங்கதி. உள்ளிருக்கும் காரம் கசிந்து ரிமோட்டை அரித்துவிடும். 'தன்மின்னிறக்கம்' நீளம்தான், ஆனால் யாரும் அழமாட்டார்கள்.

மதுரை:
நீர் வற்றுவதுபோல் 'மின்வற்றல்'?

யாழ்ப்பாணம்:
மொட்டைமாடியில் காயவைத்து மோர்மிளகாயுடன் பொரிக்கலாம்.

சென்னை, ஆசிரியை:
வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். 'சுய மின்னிறக்கம்' உடனே புரிந்தது. கடிசொல் இல்லைக் காலத்துப் படினே என்று தொல்காப்பியரே விட்டுக்கொடுத்திருக்கிறார். இதைவிட அவசரமான பக்கம் ஒன்று கையேட்டில் இருக்கிறதா? பழையதையும் புதியதையும் ஒரே டார்ச்சில் கலந்து போட்டால், வலுவற்றது முதலில் காலியாகும். மற்றவை அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ள, முனை தலைகீழாகிக் கெட்டுப்போகும். அதை யாரும் விவாதிக்கக் காணோம்.

தஞ்சாவூர்:
அம்மா, நூற்பா காலத்தில் நிலைத்த சொல்லுக்கு. வகுப்பில் கைதூக்கிய சொல்லுக்கு அன்று. 'தன்' இருக்கச் 'சுய' எதற்கு? நிற்க, மின்கலம் என்பதே எனக்கு உறுத்துகிறது. கலம் என்றால் உண்கலம், மரக்கலம், அணிகலம். 12 மரக்கால் கொண்ட அளவும் கலம். இவற்றில் எது மின்சாரத்தை வைத்திருக்கிறது?

மதுரை:
ஐயா, அந்தக் கலம் கடலில் இறங்கி வெகுகாலமாகிறது. கரையேற்றிவிடாதீர்கள்.

கோவை, மொழிபெயர்ப்பாளர்:
வியாழன் இரவாகிவிட்டது. இருவர் தன்மின்னிறக்கம், ஒருவர் சுய, ஒருவர் சோர்வு. வற்றல் திரும்பப் பெறப்பட்டது. கையேட்டில் இப்படிப் போகிறது: "பயன்படுத்தாமல் வைத்தாலும் மின்கலம் மெல்ல ஏற்றத்தை இழக்கும். வெப்பமான இடத்தில் இந்தத் தன்மின்னிறக்கம் விரைவாக நடக்கும்." கலந்து போடக் கூடாது என்ற எச்சரிக்கையை முதல் பக்கத்துக்கு மாற்றிவிட்டேன், அம்மா.

தஞ்சாவூர்:
மறுபதிப்பு எப்போது? சோர்வுக்கு இன்னும் நான்கு மேற்கோள் எடுத்து வைத்திருக்கிறேன்.