பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்ததும் க்யூசி (தரக் கட்டுப்பாடு) வேலையா, எம்.எஸ்சி.யா? (மும்பை)

கேள்வி: மாட்டுங்கா மாணவி

டி.ஒய். (மூன்றாம் ஆண்டு) பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, கடைசி செமஸ்டர். தலோஜா, அம்பர்நாத் பக்கம் மருந்து கம்பெனிகளில் க்யூசி ட்ரெய்னி இண்டர்வியூ நடக்கிறது. வீட்டில் எம்.எஸ்சி. படி என்கிறார்கள். இண்டர்வியூவில் என்ன கேட்பார்கள்? இப்போது வேலைக்குப் போனால் பிறகு ஐஐடியில் சேர முடியாதா? பி.ஏ.ஆர்.சி.க்கு (பாபா அணு ஆராய்ச்சி மையம்) பி.எஸ்சி. போதுமா?

பதில் 1: தலோஜா க்யூசி

தங்கச்சி, மெக்கானிசம் அதிகம் கேட்க மாட்டார்கள். டைட்ரேஷனில்தான் ஆரம்பிப்பார்கள். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடை ஏன் ஸ்டாண்டர்டைஸ் பண்ண (சரியான செறிவைக் கண்டறிய) வேண்டும்? அது காற்றில் உள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுக்கும். எடை போட்டுக் கரைத்தால் மட்டும் செறிவு சரியாக வராது. அதனால் உலர்த்திய கேஎச்பி (பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்) வைத்து டைட்ரேட் பண்ணிப் பார்க்கிறோம். அதை 0.51 கிராம் எடுத்தால் ப்யூரெட்டில் எவ்வளவு இறங்கும் என்பார்கள். மூலக்கூறு எடை 204.22, ஆக சுமார் 25 மி.லி. பேப்பர் இல்லாமல் சொல்லிப் பழகு.

அடுத்தது எச்பிஎல்சி, அதாவது கலவையை ஒரு குழாய் (காலம், column) வழியாக ஓடவிட்டுப் பிரித்து அளக்கும் கருவி. நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். பஃபரின் (பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசல்) பி.எச்.சை அசிட்டோநைட்ரைல் என்ற ஆர்கானிக் கரைப்பான் சேர்ப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும். கலந்த பிறகு மீட்டர் காட்டுவது உண்மையான பி.எச். ஆகாது. மொபைல் ஃபேஸை (குழாயில் ஓடும் அந்தக் கலவைத் திரவம்) 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, சோனிகேட்டரில் வைத்துக் காற்றை வெளியேற்று. பாஸ்பேட் பஃபர் ஓடி முடிந்ததும் நேராக 100% அசிட்டோநைட்ரைல் விட்டால் உப்பு கட்டிக்கொள்ளும், பிரஷர் ஏறும், காலம் குழாயே பாழாகும். முதலில் 90:10 தண்ணீர்-மெத்தனால், நிமிடத்துக்கு 1 மி.லி., அரை மணி நேரம். அதற்குப் பிறகுதான் ஆர்கானிக்கைக் கூட்டு. சாதாரண சிலிக்கா சி18 வகைக் குழாய் என்றால் பி.எச். 2-க்குக் கீழும் 8-க்கு மேலும் வேண்டாம்.

ஈரத்தை அளக்கும் கார்ல் ஃபிஷர் டைட்ரேஷனும் படி. கீட்டோன் சாம்பிளில் ஏன் ஈரம் கூடுதலாகக் காட்டுகிறது? கீட்டோன் ரீஏஜெண்டில் உள்ள மெத்தனாலோடு சேர்ந்து கீட்டால் ஆகும்போது தண்ணீர் உண்டாகிறது. இதைச் சொல்லிவிட்டால் உன்னைக் கவனிப்பார்கள்.

நோட்டில் தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடி, காரணமும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போடு. ஒயிட்னர் தொடவே கூடாது. இன்றைக்கே காலேஜ் ஜர்னலில் இந்தப் பழக்கத்தை ஆரம்பி.

பதில் 2: பவாய்

ஐஐடியில் சேர வழி அப்படியே இருக்கும். ஐஐடி எம்.எஸ்சி.க்கான ஜாம் நுழைவுத் தேர்வுக்கு வயது வரம்பு கிடையாது, ஆனால் ஸ்கோர் அந்த ஆண்டு அட்மிஷனுக்கு மட்டும். 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். முதல் பகுதியில் 30 கேள்வி, தப்புக்கு மைனஸ் உண்டு. அடுத்து 10 கேள்வியில் ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கலாம். சரியான விடையில் ஒன்றை விட்டாலும் மார்க் இல்லை, மைனஸும் இல்லை. கடைசி 20-ல் எண்தான் விடை, அதிலும் மைனஸ் இல்லை. பிசிகல் கெமிஸ்ட்ரிதான் இங்கே காப்பாற்றும். ஆர் என்ற வாயு மாறிலிக்கு 8.314-ஆ 0.0821-ஆ என்று யூனிட் பார்க்காமல் போடுவதில் போகும் மார்க்தான் அதிகம்.

சில ஐஐடிகள் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் கேட்கும், அட்மிஷன் விதியைப் பார்த்துக்கொள். மாட்டுங்காவிலேயே ஐசிடி (இன்ஸ்டிடியூட் ஆஃப் கெமிக்கல் டெக்னாலஜி) இருக்கிறது, 1933-ல் தொடங்கிய இடம். அங்கே எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரியும் உண்டு.

எம்.எஸ்சி.க்குப் பிறகு ஆராய்ச்சி என்றால் சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி.

பதில் 3: டிராம்பே

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியில் 60% இருந்தால் பி.ஏ.ஆர்.சி.யின் ஸ்டைபெண்டரி ட்ரெய்னி (உதவித்தொகையுடன் பயிற்சி) முதல் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம், வயது வரம்பு உண்டு. கெமிஸ்ட்ரி படித்தவர் நேரடியாக சயின்டிஃபிக் ஆபீசராகச் சேர எம்.எஸ்சி. வேண்டும். இரண்டும் வேறு வேறு ஏணி. கீழ் ஏணியில் ஏறி மேல் ஏணிக்குத் தாவிக்கொள்ளலாம் என்று நம்பிச் சேராதே.

பதில் 4: அம்பர்நாத் ப்ரொடக்ஷன்

க்யூசி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம்மா. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, கெமிஸ்ட்ரியை முதன்மைப் பாடமாகப் படித்த பட்டதாரிக்கு மருந்து உற்பத்தியில் 3 ஆண்டு அனுபவம் இருந்தால், தயாரிப்பை மேற்பார்வை செய்யும் தொழில்நுட்பப் பொறுப்புக்குத் தகுதி உண்டு. அனுபவக் கடிதத்தில் எந்தப் பிரிவு, எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்று தெளிவாக எழுதி வாங்கு. வெறும் "கெமிஸ்ட்" என்று இருந்தால் அதை வைத்து உற்பத்தி அனுபவத்தை நிரூபிக்க முடியாது.

மாட்டுங்கா மாணவி

நன்றி அண்ணா. கேஎச்பி கணக்கை இப்போதே போட்டுப் பார்த்தேன், 24.97 வந்தது.